நடுப்பெட்டியின் வீழ்ச்சி: ஒன்கியோவின் 76 ஆண்டுகள்

2022 மே 13ஆம் தேதி ஒசாகா மாவட்ட நீதிமன்றத்தில் ஒன்கியோ ஹோம் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. கடன் சுமார் 310 கோடி யென். அதே ஒசாகாவில் 1946இல் கோடாய் டகேஷி தொடங்கிய தொழில் அது. ஸ்பீக்கர் கூம்புகளில் பெயர் எடுத்து, ஆம்ப்ளிஃபயர், ரிசீவர் என்று வளர்ந்து, உலகெங்கும் வீட்டுக் கூடங்களில் இடம்பிடித்த பெயர். ஜப்பானிய மொழியில் 'ஒன்' என்றால் ஒலி, 'கியோ' என்றால் அதன் முழக்கம்.

இந்தச் செய்தி வந்தபோது பலரும் சொன்ன காரணம் ஒன்றுதான். மக்களுக்கு இப்போது நல்ல ஒலியில் அக்கறை இல்லை, போனில் வருவதே போதும் என்று இருந்துவிட்டார்கள் என்றார்கள். ஒன்கியோவின் கதையை வரிசையாக எடுத்துப் பார்த்த பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை. பத்தாயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஹெட்போன் வாங்குகிறவர்கள் இன்று இருக்கிற அளவுக்கு முன்பு எப்போதும் இருந்ததில்லை. மாறியது ரசனை என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குள் வருகிற எல்லா இசையும் எந்தப் பெட்டியைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் மாறியது. அதைப் புரிந்துகொள்ள, ஒரு ரிசீவரைத் திருப்பி வைத்து அதன் முதுகைப் பார்க்க வேண்டும்.

பெட்டியின் முதுகு

ரிசீவர் என்பது ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி. 1970களில் வந்த ஒரு ரிசீவரின் முதுகில் வரிசையாகத் துளைகள் இருக்கும். இசைத்தட்டுக் கருவிக்கு ஒன்று, டேப் டெக்கில் பதிவு செய்ய ஒன்று, அதைத் திரும்பக் கேட்க ஒன்று, ஆன்டெனாவுக்கு ஒன்று, இன்னும் பெயர் தெரியாத ஏதோ ஒன்று வந்தால் செருகுவதற்குக் கூடுதலாக ஒன்று. 1982 அக்டோபரில் சோனி முதல் சிடி பிளேயரை 1,68,000 யென்னுக்கு விற்கத் தொடங்கியபோது அதுவும் வந்து அந்தக் கூடுதல் துளையில்தான் உட்கார்ந்தது. வீடியோ டெக்கும் பிறகு அப்படியே வந்தது. எது புதிதாக வந்தாலும் ரிசீவருக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. கூட்டுக்குடும்பத்தின் நடுக்கூடம் போல, யார் வந்தாலும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக முடிந்தது. அதனால் அதை நடுப்பெட்டி என்றே அழைக்கிறேன்.

அந்த நடுப்பெட்டிக்காக ஜப்பானிய நிறுவனங்கள் மல்லுக்கட்டின. 1974இல் அமெரிக்க வணிக ஆணையம், ஆம்ப்ளிஃபயரின் வாட் கணக்கை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி வகுத்தது. அதுவரை ஆளாளுக்கு ஊதிப் பெருக்கிய எண்களைப் போட்டு வந்தார்கள். விதி வந்த பிறகு எண் உண்மையானது. உண்மையான எண்ணிலேயே போட்டி தொடங்கியது. 1978இல் பயோனியர் கொண்டுவந்த எஸ்எக்ஸ்-1980 ரிசீவர் ஒரு சேனலுக்கு 270 வாட் கொடுத்தது. எடை சுமார் 35 கிலோ. இரண்டு பேர் இல்லாமல் அலமாரியில் ஏற்ற முடியாது.

1980களில் ஜப்பானுக்குள்ளேயே ஸ்பீக்கருக்காக இன்னொரு போட்டி நடந்தது. ஒரு ஸ்பீக்கர் 59,800 யென் என்ற விலையைச் சுற்றி நடந்ததால் அதை '598 போர்' என்பார்கள். விலையைக் கூட்டாமல் பெட்டியைக் கனமாக்கிக்கொண்டே போனார்கள். ஒன்கியோவும் அதில் முன்வரிசையில் நின்றது. ஒரு ஸ்பீக்கர் 30 கிலோவைத் தாண்டியது. அதை வாங்கிய இளைஞர்களில் பலர் குடியிருந்தது ஆறு தாதாமிப் பாய் அளவுள்ள அறையில். ஏறக்குறைய பத்துச் சதுர மீட்டர். சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் கேட்கும். அந்த அறையில் படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டு, இரண்டு ஸ்பீக்கரையும் சுவரோரம் நிறுத்தி, நடுவில் உட்கார்ந்து கேட்டார்கள்.

நடுவில் உட்கார்வது என்பது வெறும் பழக்கம் இல்லை. ஸ்டீரியோ ஒலி ஒரு முக்கோணத்தில் நிற்கிறது. இரண்டு ஸ்பீக்கரும் இரண்டு முனை, கேட்பவரின் தலை மூன்றாவது முனை. மூன்று பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், காற்றில் நிற்பது போலக் கேட்கும். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் அவர் அருகிலுள்ள ஸ்பீக்கருக்குள் ஒடுங்கிவிடுவார். ஆகவே ஹை-ஃபை, அதாவது அசலுக்கு நெருங்கிய உயர்தர ஒலி, என்பது கருவி மட்டுமல்ல. ஓர் அறை, ஒரு நாற்காலி, அந்த நாற்காலியை விட்டு எழாத ஒரு மணி நேரம் ஆகியவையும் சேர்ந்ததுதான். இந்த நான்கையும் சேர்த்துத்தான் ஒன்கியோ போன்றவர்கள் விற்றார்கள். விலைச்சீட்டில் கருவியின் பெயர் மட்டும் இருந்தது.

வாக்மேன் கொன்றது என்பது தவறு

வீட்டு ஹை-ஃபையின் முதல் எதிரி வாக்மேன் என்று எழுதுகிறவர்கள் உண்டு. 1979 ஜூலையில் 33,000 யென்னுக்கு வந்த அந்தச் சிறு பெட்டி, நடந்துகொண்டே கேட்கும் பழக்கத்தை உண்டாக்கியது உண்மை. ஆனால் அதற்குள் போடும் கேசட் எங்கே பிறந்தது என்று பாருங்கள். வீட்டிலிருந்த டெக்கில், நடுப்பெட்டியின் வழியாக, இசைத்தட்டிலிருந்தோ பண்பலை வானொலியிலிருந்தோ பதிவானது அது. வாக்மேன் வெளியே போக வேண்டுமானால் வீட்டு டெக் நன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கி வருவோம். அறுபது நிமிடக் கேசட்டா தொண்ணூறா என்று கேட்பார்கள். கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஜப்பானிய டெக்குகள் அடுக்காக நிற்கும். வளைகுடாவிலிருந்து மாமா கொண்டு வந்த டூ-இன்-ஒன் நம் வீட்டில் இருந்தாலும், தெருவுக்கே நடுப்பெட்டியாக இருந்தது அந்தக் கடைதான். வீட்டுக்கு ஒன்று வாங்க முடியாத ஊரில் தெருவுக்கு ஒன்று இருந்தது.

சங்கிலி அறுந்தது 2001 அக்டோபரில், ஐபாட் வந்தபோது. அதில் ஏறும் பாட்டு கணினியிலிருந்து வந்தது. சிடியைக் கணினியில் போட்டுப் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். 2003 ஏப்ரலில் ஆப்பிளின் இசைக்கடை திறந்த பிறகு அமெரிக்காவில் சிடியும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பாட்டு வீட்டுக்குள் நுழைந்து, கேட்கப்பட்டு, வெளியே போவதற்குள் ரிசீவரை ஒருமுறைகூடத் தொடாமல் போனது அப்போதுதான். ஒன்கியோவின் வீழ்ச்சிக்கு ஒரு தேதி குறிக்கச் சொன்னால் திவால் மனுவின் தேதியை விட்டுவிட்டு இதைத்தான் குறிப்பேன்.

சினிமா கொடுத்த பதினைந்து ஆண்டுகள்

அப்படியானால் 2001க்குப் பிறகும் இருபது ஆண்டு எப்படித் தாக்குப்பிடித்தது? டிவிடி காப்பாற்றியது. 1990களின் கடைசியில் வீட்டில் சினிமா பார்ப்பது ஒரு கொண்டாட்டமானபோது, ரிசீவர் திரைப்பட ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியாக மாறியது. இரண்டு ஸ்பீக்கர் ஆறானது. முதுகில் ஒலித்துளைகளோடு படத்துக்கான துளைகளும் வந்தன. அந்தக் காலத்தில் நடுத்தர விலையில் வாட்டும் வசதியும் அள்ளிக் கொடுத்தவர்களில் ஒன்கியோவுக்கு முக்கிய இடம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பொற்காலமாகத் தெரிந்தது.

உள்ளே நடந்தது வேறு. ஆம்ப்ளிஃபயர் என்பது மெதுவாக முதுமை அடையும் பொருள். நல்ல மின்மாற்றியும் நல்ல டிரான்சிஸ்டரும் வைத்துக் கட்டியது இருபது ஆண்டு ஓடும். அதற்குள் அதன் ஒலியில் பழையது என்று சொல்ல எதுவும் இருக்காது. அதே உலோகப் பெட்டிக்குள் ஒலிப்பிரிப்புச் சில்லும், படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கடத்தும் எச்டிஎம்ஐ இணைப்புக்கான பலகையும் நுழைந்ததும் அதன் ஆயுள் கணினியின் ஆயுளாகச் சுருங்கியது. ஒவ்வோர் ஆண்டும் புதிய ஒலி முறை, புதிய பட அளவு, நகலெடுப்பதைத் தடுக்கும் புதிய காப்புக் குறியீடு. ஒவ்வொன்றுக்கும் உரிமக் கட்டணம், ஒவ்வொன்றுக்கும் வேறொருவர் செய்த சில்லு, அதை ஓட்டப் பொறியாளர்கள். போட்டியாளர்கள் எல்லோருக்கும் அதே சில்லுகளே கிடைத்ததால், செலவு கூடினாலும் பெட்டியின் விலையைக் கூட்ட முடியவில்லை. ஸ்பீக்கர் கூம்பில் கைத்திறன் கற்ற நிறுவனம் உரிமப் பட்டியலை நிரப்பும் நிறுவனமாக மாறியதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

இதற்கு நடுவில் தொலைக்காட்சியும் தன் பங்குக்கு மையத்தைப் பிடுங்கியது. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 பதிப்பில் ஏஆர்சி என்ற வசதி இருந்தது. தொலைக்காட்சியில் செருகிய எல்லாக் கருவிகளின் ஒலியையும் தொலைக்காட்சியே திருப்பி ஒரு கம்பி வழியாக வெளியே அனுப்பலாம். அதாவது எல்லாவற்றையும் டிவியில் செருகிவிட்டு, டிவிக்குக் கீழே சவுண்ட்பார் என்ற நீளமான ஒற்றை ஸ்பீக்கரை வைத்தால் போதும். டிவி மெலிந்து மெலிந்து அதன் சொந்த ஸ்பீக்கர் கேட்கச் சகிக்காததாகியிருந்ததால் சவுண்ட்பாருக்குத் தேவையும் இருந்தது. அப்போது ரிசீவர்க்காரர்கள் எதிர்த் திசையில் போனார்கள். 2014இல், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் டால்பி அட்மாஸ் முறை வீட்டுக்கு வந்தபோது முந்திக்கொண்டு அதைக் கொடுத்தவர்களில் ஒன்கியோ ஒன்று. அதை முழுமையாக அமைக்க வேண்டுமென்றால் கூரையில் நான்கையும் சேர்த்துப் பன்னிரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வேண்டும். வாடகை வீட்டுக் கூரையில் யார் துளை போட விடுவார்கள்?

முன்கூட்டியே பார்த்தவர்கள்

ஒன்கியோ காலமாற்றத்தைக் காணத் தவறியது என்ற தீர்ப்பை ஏற்க முடியாததற்கு வலுவான சான்று இருக்கிறது. இரண்டு திருப்பங்களையும் அது மற்றவர்களுக்கு முன்பே பார்த்தது.

2005இலேயே 'ஈ-ஒன்கியோ மியூசிக்' என்ற பதிவிறக்கக் கடையை ஜப்பானில் திறந்தது. சிடியைவிட நுணுக்கமான 24 பிட் கோப்புகளை அது விற்றது. உலகம் சுருங்கிய எம்பி3யில் மூழ்கிக் கிடந்த காலம் அது. பிறகு 2015 செப்டம்பரில், பெர்லின் கண்காட்சியில், கம்பியே இல்லாத, இரண்டு காதுக்கும் தனித்தனியாக நிற்கும் இயர்போனைக் காட்டியது. டபிள்யூ800பிடி என்று பெயர். அப்படிப்பட்ட பொருளை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒன்கியோவும் உண்டு. ஆப்பிள் தன் ஏர்பாட்ஸைக் காட்டியது அதற்கு ஓராண்டு கழித்து. 2017இல் ஒலிக்கென்றே கட்டிய கிரான்பீட் என்ற ஸ்மார்ட்போனையும் ஒன்கியோ விற்றுப் பார்த்தது. குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கரும், அனிமே கதாபாத்திரங்களின் குரல் பதித்த இயர்போனும் செய்தது. கதவைத் தட்டாத வீடு இல்லை.

பிறகு ஏன் எதுவும் நிலைக்கவில்லை? கம்பியில்லா இயர்போனை வாங்குகிறவர் அதைத் தன் போனோடு இணைக்கிறார். மூடியைத் திறந்த கணமே இணைய வேண்டும், பேச்சு வந்தால் மாற வேண்டும், மின்கலம் எவ்வளவு மிச்சம் என்று திரையில் தெரிய வேண்டும். இதையெல்லாம் நன்றாகச் செய்ய முடிந்தவர் போனைச் செய்தவர்தான். பதிவிறக்கக் கடையிலும் அதே நிலை. பாட்டுகளின் உரிமை இசை நிறுவனங்களிடம் இருந்தது, கேட்பவரின் கை வேறொரு செயலியில் இருந்தது. 1978இல் ரிசீவர் செய்தவர் மையத்தை வைத்திருந்தார். மற்ற எல்லோரும் வந்து அவர் பெட்டியில் செருகினார்கள். 2015இல் ஒன்கியோ இன்னொருவரின் மையத்தில் போய்ச் செருக வேண்டியிருந்தது. பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், செருகப் போகிறவர் விலையைத் தீர்மானிப்பதில்லை.

ஈ-ஒன்கியோவின் முடிவில் இதன் வலி தெளிவாகத் தெரிகிறது. 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக், தரம் குறையாத கோப்புகளைக் கூடுதல் கட்டணம் இல்லாமலே எல்லோருக்கும் கொடுத்தது. அமேசானும் அதே நாட்களில் அப்படியே செய்தது. ஒன்கியோ பதினாறு ஆண்டுகளாகத் தனி விலை வைத்து விற்ற பொருள் மாதச் சந்தாவுக்குள் அடங்கிப்போனது. அந்தச் செப்டம்பரில் ஈ-ஒன்கியோ, கோபுஸ் என்ற இணைய இசைச் சேவையை நடத்தும் பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

இணைப்பு என்ற பிழை

நிர்வாகம் எடுத்த முடிவுகளில் நான் குறை சொல்லத் துணிவது ஒன்றைத்தான்.

2012இல் அமெரிக்கக் கிதார் நிறுவனமான கிப்சன், ஒன்கியோவில் பங்கு வாங்கியது. 2015 மார்ச்சில் பயோனியரின் வீட்டு ஒலித்தொழில் ஒன்கியோவுக்குள் வந்து சேர்ந்தது. ஒரே சந்தையில், ஒரே விலையில், ஒரே வாடிக்கையாளருக்கு ரிசீவர் விற்ற இரண்டு பெயர்கள் ஒரு கூரைக்குக் கீழே வந்தன. செலவைப் பகிர்ந்துகொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. சந்தையே சுருங்கிக்கொண்டிருக்கும்போது அதில் பெரிய பங்கை வாங்குவதால் என்ன பயன் என்று அன்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

பயோனியரையே எடுத்துக்கொள்ளலாம். அது அதே சமயத்தில் தன் டிஜே கருவித் தொழிலைக் கேகேஆர் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. அதற்குக் கிடைத்த மதிப்பு ஏறத்தாழ 5,900 கோடி யென். மேடையில் நின்று பிழைப்பு நடத்துகிறவருக்கு அந்தக் கருவி தொழிற்கருவி. அவர் மேசையின் மையம் இன்றும் அதுதான். ஆகவே அதற்கு விலை இருந்தது. 2014இல் ஆப்பிள், பீட்ஸ் ஹெட்போன் நிறுவனத்தை 300 கோடி டாலருக்கு வாங்கியது. ஏழு ஆண்டுக்குப் பிறகு, ஒன்கியோவின் வீட்டு ஒலித்தொழில் கைமாறியபோது கிடைத்தது சுமார் 3 கோடி டாலர். நூறில் ஒரு பங்கு. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடையில் நடந்தவை வேகமாக நடந்தன. 2018 மே மாதம் கிப்சனே அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. 2019 மே மாதம், டெனான், மராண்ட்ஸ் ஆகிய பெயர்களை வைத்திருந்த சவுண்ட் யுனைடெட் நிறுவனத்துக்குத் தொழிலை விற்க ஒப்பந்தமானது. அக்டோபரில் அது முறிந்தது. அதன் பிறகு உதிரி பாகம் கொடுப்பவர்களுக்குப் பணம் கொடுப்பது தாமதமாகி, உற்பத்தி தடுமாறியது. 2020இல் கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்தது. வீட்டு ஒலிக்கருவிக்குப் பல ஆண்டுகளில் இல்லாத கிராக்கி எழுந்த நேரம் அது. காத்திருந்த மழை வந்தபோது ஒன்கியோவிடம் விதைக்கக் கையில் நெல் இல்லை. அந்த அக்டோபரிலேயே மியாசாகி மாகாணத்தின் நோபேயோகா நகரில், ஒலிச் சில்லுகள் செய்யும் அசாஹி கசேய் ஆலையில் தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தது. துறை முழுவதும் சில்லுக்குத் திண்டாடியது. சொத்தைவிடக் கடன் மிகுந்த நிலையிலேயே இரண்டு ஆண்டுக் கணக்கு முடிந்ததால் 2021 ஆகஸ்ட் 1 அன்று பங்குச்சந்தைப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. செப்டம்பரில் ஷார்ப் நிறுவனமும் அமெரிக்காவின் வாக்ஸ் நிறுவனமும் கூட்டாகத் தொழிலை எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்த வெற்றுக் கூடுதான் அடுத்த மே மாதம் நீதிமன்றப் படியேறியது.

ஒன்கியோவோடு முடியவில்லை

ஒன்கியோவை வாங்க வந்து திரும்பிப்போன சவுண்ட் யுனைடெட்டின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2022 பிப்ரவரியில், மருத்துவமனைகளில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவிகளைச் செய்யும் மாசிமோ நிறுவனம் அதை 100 கோடி டாலருக்கும் சற்று அதிகமாகக் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. மறுநாளே மாசிமோவின் பங்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. 2025இல் அதே தொழில், சாம்சங்கின் ஹார்மன் நிறுவனத்துக்கு 35 கோடி டாலருக்குக் கைமாறியது. டெனான், மராண்ட்ஸ், போவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் என்று ஒவ்வொன்றும் பல தலைமுறை உழைப்பு. இப்போது அவை எல்லாமே போன் செய்கிற நிறுவனத்தின் குடையின் கீழ் இருக்கின்றன.

இசைத்தட்டு திரும்பி வருகிறதே, ஹை-ஃபையும் திரும்பாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 2022இல் அமெரிக்காவில் இசைத்தட்டு 4 கோடியே 10 லட்சமும், சிடி 3 கோடியே 30 லட்சமும் விற்றன. 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் இசைத்தட்டு முந்தியது அதுவே முதல்முறை. ஆனால் அங்கே இசைத்தட்டு வாங்குகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் அதைச் சுழற்றும் கருவியே இல்லை என்று இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் லூமினேட் நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. தட்டைச் சுவரில் மாட்டிவிட்டு அதே பாட்டைப் போனில் கேட்கிறார்கள். 2024இல் உலக இசைப்பதிவு வருமானத்தில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங் வழியாக வந்தது. இவர்களை நான் பழிக்க மாட்டேன். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்கும் பாட்டுக்கும் ஓர் ஆழம் உண்டு. முக்கோணத்தின் நடுவில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது கிடைத்ததில்லை. ஆனால் ஒரே அறையில் நான்கு பேர் பேசாமல் உட்கார்ந்து, ஒரு பக்கம் முடியும்வரை ஒரே பாட்டைக் கேட்ட அந்த மணி நேரத்துக்கு ஈடாக எதுவும் வரவில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்கியோ என்ற பெயர் அழியவில்லை. அதை வைத்திருந்த வாக்ஸ் நிறுவனத்தை 2025 ஏப்ரலில் ஜென்டெக்ஸ் வாங்கியது. கார்களுக்குப் பின்னோக்குக் கண்ணாடி செய்பவர்கள் அவர்கள். அதற்குச் சில மாதம் முன்பு, அந்த ஜனவரியில், லாஸ் வேகாஸ் கண்காட்சியில் 'ஐகான்' என்ற புதிய வரிசை ஒன்கியோ பெயரில் மேடையேறியது. பன்னிரண்டு ஸ்பீக்கரும் இல்லை, சினிமாவும் முன்னால் இல்லை. பழையபடி இரண்டே சேனல், தனித்தனி உலோகப் பெட்டிகள். வாங்குகிறவர் அதை அலமாரியில் ஏற்றி, ஸ்பீக்கர் கம்பிகளை இணைத்து, நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பாட்டைத் தேடச் சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பார்.